எதிரொலி கேட்ட வாத்தியார்

– மூன்றாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுவியல் துறை மாணவன்



ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு எழுதித் தா என்று யூனியன் நண்பர்கள் கேட்டார்கள். நியூட்டன், எடிசன், ராமன் என்று எழுதினால் பக்கம் சுலபமாக நிரம்பிவிடும். ஆனால் நான் எழுதப்போவது பால் லான்ஜெவின் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியைப் பற்றி. இயற்பியல் உலகில் பெரிய பெயர்தான். ஆனாலும் போன செமஸ்டர் வரை எனக்கு அவரைத் தெரியாது. ஒரு படகும், ஒரு டியூப் சிலிகானும், வைவாவில் வாங்கிக் கட்டிக்கொண்டதும் சேர்ந்து என்னை அவரிடம் கொண்டுபோய் விட்டன. அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

படகுக்குள் ஒட்டிய பெட்டி

எங்கள் ப்ராஜெக்ட், ஓர் ஏரியின் ஆழத்தை இடம் இடமாக அளந்து எங்கே வண்டல் அதிகம் என்று வரைபடம் போடுவது. ஃபைபரில் செய்த ஒற்றை ஆள் கயாக் படகு ஒன்று இரவலாகக் கிடைத்தது. மீனவர்கள் வைத்திருக்கும் ஃபிஷ் ஃபைண்டர் கருவி ஒன்றைப் பழையதாக வாங்கினோம். இந்தக் கருவியின் உயிர் அதன் டிரான்ஸ்டூசரில் இருக்கிறது. கையடக்கமான அந்த உருண்டைப் பெட்டிதான் ஒலியைத் தண்ணீருக்குள் அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலியையும் கேட்கிறது.

அதைப் படகின் அடியில் வெளியே பொருத்தினால் கல்லில் உரசும், புல்லில் சிக்கும். ஓட்டை போடலாம் என்றால் படகு இரவல். ஆகவே உள்பக்கமே அடித்தட்டின் மேல் ஒட்டிவிடுவது என்று முடிவு செய்தோம். ஃபைபரைத் தாண்டி ஒலி போகும் என்று படித்திருந்தோம். சிலிகானைப் பிதுக்கினோம், பெட்டியை வைத்து அழுத்தினோம், காய்ந்ததும் ஏரிக்குப் போனோம்.

திரையில் ஒன்றுமே இல்லை! ஒரு நம்பர் வரும், துள்ளும், மறைந்துவிடும். கருவி போச்சு, காசும் போச்சு என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தோம். அப்போது எங்களோடு வந்திருந்த ஒர்க்ஷாப் அண்ணன், பெட்டியைப் பெயர்த்து நேராகத் தண்ணீருக்குள் பிடிக்கச் சொன்னார். பிடித்தோம். உடனே ஆழம் தெளிவாக வந்தது. கருவியில் கோளாறு இல்லை. நாங்கள் ஒட்டிய விதத்தில்தான் கோளாறு. பெயர்த்த சிலிகானைத் திருப்பிப் பார்த்தால் ஆப்பத்தில் இருக்கிற மாதிரி அத்தனை ஓட்டை. எல்லாம் காற்றுக் குமிழி.

ஒலி ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குத் தாவும்போது இரண்டின் ஒலி மறுப்பும் ஓரளவு பொருந்தி வர வேண்டும். அடர்த்தியை ஒலியின் வேகத்தால் பெருக்கினால் வருவதுதான் இந்த ஒலி மறுப்பு. தண்ணீருக்கு அது சுமார் 15 லட்சம். காற்றுக்கு வெறும் 400 சொச்சம். இரண்டுக்கும் 3,500 மடங்குக்கு மேல் வித்தியாசம். கணக்குப் போட்டால் தண்ணீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு சக்திதான் தாண்டுகிறது. மீதி 999 பங்கும் திரும்பி வந்துவிடுகிறது. தாள் கனத்துக்குக் காற்று இருந்தாலும் கதை முடிந்தது. நடுவில் நுரை வைத்த அடித்தட்டிலும் இதே காரணத்தால் இந்த வேலை நடக்காது. கட்டியான ஃபைபராக இருக்க வேண்டும்.

இரண்டாம் தடவை ஒழுங்காகச் செய்தோம். முதலில் தண்ணீர் நிரப்பிய பாலிதீன் பையைப் படகுக்குள் வைத்து, அதன் மேல் பெட்டியை அழுத்தி, எந்த இடத்தில் ஆழம் நன்றாக வருகிறது என்று தேடினோம். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய்ப் பசை போகத் துடைத்தோம். சுற்றிலும் களிமண்ணால் சின்ன வரப்பு கட்டி, மெதுவாக இறுகும் எபாக்சியை ஊற்றினோம். சீக்கிரம் இறுகுவது சூடாகி நுரைக்கும். பெட்டியைச் சாய்வாக இறக்கி, இப்படியும் அப்படியும் திருகி, அடியில் இருந்த குமிழிகளை வெளியே தள்ளி, முகம் நேராகக் கீழே பார்க்கும்படி வைத்துவிட்டு, மறுநாள் வரை தொடவில்லை. பிறகு ஏரியில் கோடு போட்ட மூங்கில் கழியை விட்டுச் சரிபார்த்தோம். ஆழம் சரியாக இருந்தது. தண்ணீரின் வெப்பம் என்று அது காட்டியது மட்டும் தப்பு. உள்ளே ஒட்டிய பெட்டிக்குப் படகின் சூடுதானே தெரியும்!

இவ்வளவு பாடுபட்டு வைவாவுக்குப் போனால், வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். மின்சாரத்தைக் கொடுத்து ஒரு படிகத்தைத் தண்ணீருக்குள் பாட வைத்து, அதன் எதிரொலியைக் கேட்ட முதல் ஆள் யார்? நாங்கள் நான்கு பேரும் மின்விசிறியைப் பார்த்தோம். அவர் சிரித்துவிட்டு லான்ஜெவின் பெயரைச் சொல்லி, நூலகத்தில் போய்ப் படிக்கச் சொன்னார். படித்தேன். படிக்கப் படிக்க, இவர் நம்ம ஆள் என்று தோன்றிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

பாரிஸ் நகரசபையின் பள்ளி

பால் லான்ஜெவின் 1872 ஜனவரி 23-ஆம் தேதி பாரிஸில் பிறந்தார். அப்பாவுக்குக் கட்டட வேலைகளை அளந்து கணக்குச் சரிபார்க்கும் தொழில். பெரிய வசதி கிடையாது. 1888-ல் பையன் சேர்ந்தது பேர்பெற்ற பல்கலைக்கழகம் எதிலும் அல்ல. பாரிஸ் நகரசபை 1882-ல் தொடங்கியிருந்த தொழில் இயற்பியல், வேதியியல் பள்ளியில். தொழிற்சாலைகளுக்குக் கை வேலையும் தெரிந்த, கணக்கும் தெரிந்த ஆட்களைத் தயார் பண்ணுவதுதான் அந்தப் பள்ளியின் நோக்கம். மூன்று வருஷப் படிப்பு. நாளின் பெரும் பகுதி லேபில்தான். கேட்கும்போதே நம்ம படிப்பு மாதிரி இருக்கிறதா, இல்லையா?

அந்தப் பள்ளியில் லேப் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓர் இளைஞர். பெயர் பியரி க்யூரி. ஆமாம், பின்னாளில் மேரி க்யூரியை மணந்து ரேடியம் கண்டுபிடித்த அதே பியரி க்யூரிதான். அவரும் அவருடைய அண்ணன் ஜாக்குவஸும் 1880-லேயே ஓர் அதிசயத்தைக் கண்டிருந்தார்கள். குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களைக் குறிப்பிட்ட திசையில் வெட்டி அழுத்தினால் அதன் முகங்களில் மின்னூட்டம் தோன்றுகிறது. இதுவே பீசோ மின்சாரம். மின்சாரம் கொடுத்தால் படிகம் விரிந்து சுருங்க வேண்டும் என்று லிப்மன் என்ற விஞ்ஞானி கணக்குப் போட்டுச் சொல்ல, 1881-ல் சகோதரர்கள் அதையும் செய்து பார்த்து நிரூபித்தார்கள். ஆனால் அந்தச் சுருக்கமும் விரிவும் மிக மிக நுண்ணியவை. இதை வைத்துப் பெரிய வேலை எதுவும் செய்ய முடியும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. அளவுக் கருவிகளில் மட்டும் பயன்பட்டது.

லான்ஜெவின் 1891-ல் முதல் மாணவராகத் தேறினார். நேராக ஒரு தொழிற்சாலைக்குப் போயிருக்கலாம். பியரி க்யூரி கொடுத்த ஊக்கத்தில் மேலே படிக்கத் துணிந்தார். ஆசிரியர்களையும் ஆராய்ச்சியாளர்களையும் உருவாக்கும் எக்கோல் நார்மல் என்ற உயர்நிலைக் கல்லூரிக்குள் 1894-ல் நுழைந்தார். 1897-ல் இங்கிலாந்து போய், கேம்பிரிட்ஜில் எலக்ட்ரானைக் கண்டறிந்த ஜே.ஜே.தாம்சனிடம் ஒரு வருஷம் வேலை பழகினார். ரூதர்ஃபோர்டின் நட்பு அங்கேதான் கிடைத்தது. 1902-ல் அயனியாக்கப்பட்ட வாயுக்களைப் பற்றி எழுதி டாக்டர் பட்டம் பெற்றார்.

பியரி க்யூரி சோர்போன் பல்கலைக்கழகத்துக்குப் போனதும், பழைய பள்ளியில் அவர் விட்டுப்போன வாத்தியார் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் லான்ஜெவின். தான் படித்த அதே பள்ளி, தன் குருவின் அதே இடம். 1909-ல் காலேஜ் த ஃபிரான்ஸில் பேராசிரியர் பதவியும் வந்தது. அப்புறமும் தொழிற்பள்ளியை அவர் விடவில்லை. நண்பர்களே, இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரும்பலகையில் ஒரு பயணம்

அந்த வருஷங்களில் அவர் செய்தவற்றைப் பட்டியல் போட்டால் தலை சுற்றும். சில பொருள்களைக் காந்தம் ஏன் லேசாக இழுக்கிறது, சிலவற்றை ஏன் லேசாகத் தள்ளுகிறது என்பதற்கு 1905-ல் அணுக்களை வைத்து விளக்கம் சொன்னார். தண்ணீரில் நுண்ணிய துகள்கள் தாறுமாறாக ஆடுவதற்கு 1908-ல் அவர் எழுதிய சமன்பாடு இன்றைக்கும் அவர் பெயரிலேயே வழங்குகிறது.

ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கையை பிரான்சில் முதலில் உள்வாங்கிக்கொண்டவர்களில் அவர் ஒருவர். 1911-ல் இத்தாலியின் பொலோனா நகரில் ஒரு கூட்டத்தில், ஒளியின் வேகத்துக்கு மிக நெருக்கமான வேகத்தில் ஓடும் கலத்தில் ஒரு பயணியைக் கற்பனையாக ஏற்றி அனுப்பினார். அந்தப் பயணிக்கு இரண்டு வருஷம் ஆவதற்குள் பூமியில் இருநூறு வருஷம் ஓடிவிடும் என்று கணக்குக் காட்டினார். இரட்டையர் புதிர் என்று நாம் படிப்பதன் வேர் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

அதே 1911-ல் அவர் வாழ்க்கையில் ஒரு புயலும் அடித்தது. பியரி க்யூரி 1906-ல் வண்டி விபத்தில் இறந்துவிட்டார். மனைவியைப் பிரிந்திருந்த லான்ஜெவினுக்கும் மேரி க்யூரிக்கும் இடையே ஏற்பட்ட நெருக்கத்தைப் பத்திரிகைகள் சந்தி சிரிக்க வைத்தன. மனம் கொதித்துப்போன லான்ஜெவின் ஒரு பத்திரிகை ஆசிரியரைத் துப்பாக்கிச் சண்டைக்குக் கூப்பிடும் அளவுக்குப் போனார். நல்லவேளையாக இருவருமே சுடவில்லை. பெரியவர்கள் என்றால் தவறோ தடுமாற்றமோ இருக்காது என்று நான் எழுத விரும்பவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

கடலுக்கு அடியில் எதிரி

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. தண்ணீருக்குள் இருக்கும் தடையை ஒலியால் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வி உலகம் முழுக்க எழுந்தது. 1914-ல் ஃபெசண்டன் என்ற பொறியாளர் ஒரு பெரிய மின் அதிர்வியைக் கொண்டு பனிப்பாறையிலிருந்து எதிரொலி வாங்கிக் காட்டினார். ஆனால் அது காதுக்குக் கேட்கும் தாழ்ந்த சத்தம். அலைநீளம் பெரிது. ஆகவே ஒலி எல்லாத் திசையிலும் பரவிவிடும். எதிரொலி வந்தாலும் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது.

அந்த ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை ஒவ்வொன்றாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. 1915-ன் தொடக்கத்தில் கான்ஸ்டன்டின் சிலோவ்ஸ்கி என்ற ரஷ்யப் பொறியாளர் பிரெஞ்சு அரசுக்கு ஒரு யோசனை அனுப்பினார். காதுக்குக் கேட்காத அளவு உயர்ந்த அதிர்வெண்ணில் ஒலியை அனுப்பினால் டார்ச் லைட் வெளிச்சம் மாதிரி ஒரே திசையில் குவித்து விடலாம் என்பது யோசனையின் சாரம். அது சுற்றிச் சுற்றி லான்ஜெவின் கைக்கு வந்தது. நம்ம பள்ளி லேபிலேயே செய்து பார்ப்போம் என்று இறங்கிவிட்டார்.

இங்கே நாமும் ஒரு கணக்குப் போடலாம். தண்ணீரில் ஒலியின் வேகம் விநாடிக்கு சுமார் 1,500 மீட்டர். 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3 மீட்டர். அதை ஒரு திசையில் குவிக்க, வீடு அளவுக்குப் பரப்புள்ள தகடு வேண்டும். 40,000 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 3.75 சென்டிமீட்டர்தான். சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள தகடே போதும். எங்கள் படகில் ஒட்டிய பெட்டி 2,00,000 ஹெர்ட்ஸில் பேசுகிறது. அலைநீளம் 7.5 மில்லிமீட்டர். அதனால்தான் அது உள்ளங்கைக்குள் அடங்குகிறது.

யோசனை சரி, கருவி வேண்டுமே! முதலில் மைக்கா தகட்டை வைத்து ஒரு பெரிய மின்தேக்கி மாதிரி செய்து அதிர வைத்தார்கள். கேட்பதற்குக் கார்பன் மைக்ரோஃபோன். சீன் நதியில் சோதனை நடந்தது. 1916-ல் இருவர் பெயரிலும் காப்புரிமை பதிவானது. இரும்புத் தகட்டிலிருந்து எதிரொலி கூட வந்தது. ஆனால் மைக்கா அதிக மின்னழுத்தத்தில் அடிக்கடி உடைந்தது. கார்பன் மைக்ரோஃபோனை நம்ப முடியவில்லை. சிலோவ்ஸ்கி விலகிக்கொண்டார். லான்ஜெவின் விடவில்லை.

குரு கொடுத்த கல்

1917-ல் அவருக்குப் பழைய லேப் ஞாபகம் வந்தது. அழுத்தினால் மின்சாரம் கொடுக்கும் க்யூரி சகோதரர்களின் குவார்ட்ஸ்! எதிரொலி என்பது தண்ணீரில் வரும் அழுத்தம்தானே? அப்படியானால் கல்லே காதாக இருக்கலாமே! அந்த மின்சாரம் மிகச் சிறியது என்பதுதான் முப்பத்தைந்து வருஷமாகத் தடையாக இருந்தது. ஆனால் போர்க்காலத்தில் பிரெஞ்சு ராணுவத்தின் ரேடியோ பிரிவு நல்ல வால்வு ஆம்ப்ளிஃபையர்களைச் செய்திருந்தது. கல்லையும் வால்வையும் சேர்த்ததும் கேட்கவே முடியாததெல்லாம் கேட்டது. பழைய கண்டுபிடிப்பு ஒன்று, அதைப் பயன்படுத்தும் கருவி பிறக்கும் வரை எவ்வளவு காலம் காத்திருக்கிறது பாருங்கள்!

பெரிய குவார்ட்ஸுக்கு எங்கே போவது? பாரிஸில் லென்ஸ் வியாபாரம் செய்த ஒருவர் காட்சிக்கு வைத்திருந்த பெரிய படிகத்தை வாங்கி, அதிலிருந்து பலகை மாதிரி அறுத்தார்கள். காதாக இருந்த கல்லை வாயாகவும் ஆக்கினார். மின்சாரம் கொடுத்தால் அதே கல் தண்ணீருக்குள் பாடியது. தூலோன் துறைமுகத்தில் நடந்த அந்தச் சோதனைகளில் யாரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. ஒலிக்கற்றையின் குறுக்கே வந்த சின்ன மீன்கள் செத்து மிதந்தன. கையை வைத்தவர்களுக்கு வலித்தது. கேட்காத ஒலிக்கு இவ்வளவு சக்தியா என்று எல்லோரும் திகைத்தார்கள். இன்றைக்கு மீனைத் தேடும் கருவியின் தாத்தா, பிறந்த அன்றைக்கே மீனைப் பார்த்துவிட்டது!

அடுத்த சிக்கல்தான் நம்ம மாதிரி ஆட்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு பலகை தன் இயல்பான அதிர்வெண்ணில் பலமாக அதிர வேண்டும் என்றால் அதன் தடிப்பு அரை அலைநீளம் இருக்க வேண்டும். 40,000 ஹெர்ட்ஸில் வேலை செய்ய வேண்டுமென்றால் அது ஆறு சென்டிமீட்டருக்கு மேல் வரும். அவ்வளவு தடித்த குவார்ட்ஸ் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அதை அசைக்க பயங்கரமான மின்னழுத்தம் வேண்டும். லான்ஜெவின் என்ன செய்தார்? சில மில்லிமீட்டர் தடிப்புள்ள சின்னச் சின்னக் குவார்ட்ஸ் துண்டுகளைத் தரையில் ஓடு பதிக்கிற மாதிரி ஒரே படலமாக அடுக்கினார். மேலும் கீழும் சில சென்டிமீட்டர் தடிப்புள்ள இரும்புத் தகடுகளை ஒட்டினார். அதிர்வது மூன்றும் சேர்ந்த அடுக்கு. தடிப்பை இரும்பு கொடுத்தது, உயிரைக் கல் கொடுத்தது. விலையும் குறைந்தது, மின்னழுத்தமும் குறைந்தது.

இந்த அடுக்கு வேலை செய்ய ஒரே நிபந்தனை, கல்லுக்கும் இரும்புக்கும் நடுவில் இடைவெளியே இருக்கக் கூடாது. ஒட்டு சரியில்லை என்றால் எல்லாம் வீண். இதைப் படித்தபோது எங்கள் ஆப்பம் சிலிகான் ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன்.

1918 பிப்ரவரியில் எட்டு கிலோமீட்டர் தூரத்துக்கு ஒலிச்செய்தி போய்ச் சேர்ந்தது. ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் எதிரொலியும் தெளிவாகக் கேட்டது. ஆராய்ச்சி முடிவுகளை பிரான்ஸ் தன் நேச நாடுகளோடு பகிர்ந்துகொண்டது. இங்கிலாந்தில் பாயில் என்ற கனடா விஞ்ஞானி இதே வழியில் வேலையைத் தொடர்ந்தார். ஆனால் கப்பல்களில் கருவி முழுசாக ஏறுவதற்குள் 1918 நவம்பரில் போர் முடிந்துவிட்டது.

போர் முடிந்த பிறகு

ஆயுதமாகப் பிறந்தது அமைதிக்கு வந்ததும் அளவுகோலாக மாறியது. அதுவரை மாலுமிகள் கயிற்றில் ஈயக் குண்டு கட்டி இறக்கி ஆழம் பார்த்தார்கள். 1920-களில் லான்ஜெவினும் ஃப்ளோரிசன் என்ற பொறியாளரும் செய்த குவார்ட்ஸ் ஆழமானிகள் கப்பல்களில் ஏறின. 1935-ல் நார்வேயில் சுண்ட் என்ற ஆய்வாளர் எதிரொலிப் பதிவில் காட் மீன் கூட்டத்தைக் காட்டினார். 1948-ல் ஜப்பானில் ஃபுருனோ சகோதரர்கள் மீனவர்களுக்கென்றே ஃபிஷ் ஃபைண்டரைக் கொண்டுவந்தார்கள். குவார்ட்ஸின் இடத்துக்குப் பிற்பாடு பீசோ செராமிக் வந்தது. தத்துவம் மாறவில்லை.

இரும்பும் கல்லும் சேர்ந்த அந்த அடுக்கு மட்டும் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. நகை, கண்ணாடி, இயந்திர பாகங்களைக் கழுவும் அல்ட்ராசானிக் தொட்டியின் அடியில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கும் உருளையைப் பாருங்கள். பிளாஸ்டிக்கை ஒலியால் பற்ற வைக்கும் இயந்திரத்தைப் பாருங்கள். உள்ளே செராமிக் வளையங்கள், இரண்டு பக்கமும் உலோகம். லான்ஜெவின் டிரான்ஸ்டூசர் என்றுதான் அதற்கு இன்றும் பெயர்.

அவரோ தன் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1920-களின் நடுவில் அந்தத் தொழிற்பள்ளிக்கே இயக்குநர் ஆனார். போர்ப் பகை தீராத 1922-ல் ஜெர்மனியிலிருந்து ஐன்ஸ்டீனைப் பாரிஸுக்கு வரவழைத்துப் பேச வைத்தார். 1924-ல் லூயி த ப்ராலி என்ற மாணவரின் விசித்திரமான ஆய்வேட்டைப் பார்த்து ஒதுக்கித் தள்ளாமல், அதன் பிரதியை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பி வைத்தார். அந்த மாணவர் 1929-ல் நோபல் பரிசு வாங்கினார். லான்ஜெவினுக்கு நோபல் கிடைக்கவே இல்லை.

சிறைக்கதவு

ஹிட்லர் 1933-ல் ஆட்சிக்கு வந்ததும், விஞ்ஞானி லேபில் மட்டும் இருந்தால் போதாது என்று லான்ஜெவின் தெருவுக்கு வந்தார். 1934-ல் பாசிசத்துக்கு எதிராக பிரெஞ்சு அறிவாளிகளைத் திரட்டிய குழுவை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். 1940-ல் ஜெர்மன் படை பாரிஸைப் பிடித்தது. அக்டோபர் 30-ஆம் தேதி அவரைக் கைது செய்து சாந்தே சிறையில் அடைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 68.

இதற்குப் பிறகு நடந்ததை ஒரு மாணவர் சங்க மலரில் எழுதாமல் எங்கே எழுதுவது? நவம்பர் 8-ஆம் தேதி, எங்கள் வாத்தியாரை விடு என்று மாணவர்கள் காலேஜ் த ஃபிரான்ஸ் வாசலில் கூடினார்கள். சுற்றிலும் துப்பாக்கி ஏந்திய ஜெர்மன் படை. மூன்றே நாளில், நவம்பர் 11 அன்று, ஆயிரக்கணக்கான மாணவர்கள் தடையை மீறிப் பாரிஸின் வெற்றி வளைவை நோக்கி நடந்தார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். ஆக்கிரமிப்பை எதிர்த்து அந்த நகரத்தில் எழுந்த முதல் பெரிய குரல்களில் அது ஒன்று. எழுப்பியவர்கள் நம்ம வயசுப் பிள்ளைகள்.

ஒரு மாதத்துக்கும் மேல் சிறையில் இருந்த லான்ஜெவினைப் பிறகு த்ருவா என்ற ஊரில் காவலில் வைத்தார்கள். துயரம் அதோடு நிற்கவில்லை. அவருடைய மருமகன் ஜாக்குவஸ் சாலமன், அவரும் இயற்பியல்காரர், எதிர்ப்பு இயக்கத்தில் இருந்ததற்காக 1942 மே 23-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். மகள் ஹெலனை 1943 ஜனவரியில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு ரயிலேற்றினார்கள். உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று தெரியாத நிலையில் வயதான தகப்பன் காவலில் காத்திருந்தார். ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருந்த மனிதருக்கு அந்த வருஷங்கள் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு மனசு கனக்கிறது.

1944-ல் எதிர்ப்பு இயக்கத்தினர் உதவியோடு எல்லை தாண்டி சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார். பாரிஸ் விடுதலை பெற்றதும் திரும்பினார். ஹெலன் 1945-ல் உயிரோடு திரும்பி வந்தார். அந்த ஆண்டே பிரெஞ்சு அரசியலமைப்பு மன்றத்துக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கடைசி வேலை

இப்போது என் கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டேன். விடுதலைக்குப் பின் பிரான்சின் கல்வி முறையைப் புதிதாக அமைக்க 1944 நவம்பரில் ஒரு குழு போட்டார்கள். தலைவர் லான்ஜெவின். உடம்பு தளர்ந்த நிலையிலும் அவர் ஏற்றுக்கொண்ட கடைசிப் பெரிய வேலை அது. குழு சொன்னதன் சாரம் இதுதான். பதினெட்டு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் படிப்பு உண்டு. குடும்பத்தின் வசதி, பிள்ளை எதைப் படிப்பது என்பதைத் தீர்மானிக்கக் கூடாது. கை வேலைப் படிப்பும் தொழில்நுட்பப் படிப்பும் ஏட்டுப் படிப்புக்கு ஒரு படி கூடக் கீழானவை அல்ல. எல்லாவற்றுக்கும் சம மரியாதை.

1946 டிசம்பர் 19-ஆம் தேதி லான்ஜெவின் காலமானார். உளவியல் அறிஞர் வலோன் அந்த வேலையை முடித்து 1947-ல் அரசிடம் கொடுத்தார். இருவர் பெயராலும் அழைக்கப்படும் அந்தத் திட்டம் அப்படியே சட்டமாகவில்லை. ஆனால் பிரான்சில் கல்வியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் ஏடாக நின்றது. 1948 நவம்பரில், நாட்டின் மாபெரும் மனிதர்கள் துயிலும் பாந்தியோன் மண்டபத்துக்கு அவர் உடலைக் கொண்டுபோனார்கள். அவரோடு அதே நாளில் இன்னொரு விஞ்ஞானி ஜான் பெரினும் அங்கே போய்ச் சேர்ந்தார்.

நண்பர்களே, நம்மில் எத்தனை பேர் வீட்டு விசேஷங்களில் டிப்ளமாதானா என்ற கேள்வியைக் கேட்டுத் தலை குனிந்திருக்கிறோம்! நானும் குனிந்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் பி.இ. சேர்ந்த பையனைப் பற்றிப் பேசும்போது மெதுவாக எழுந்து கை கழுவப் போயிருக்கிறேன். இந்த மனிதரைப் படித்த பிறகு அப்படி எழுந்து போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். காந்தத்துக்கும் காலத்துக்கும் சமன்பாடு எழுதியவர், கல்லை அறுத்து இரும்பில் ஒட்டுவதைத் தாழ்வாக நினைக்கவில்லை. உலகமே கூப்பிட்டபோதும் தன் தொழிற்பள்ளியை விட்டுப் போகவில்லை. போகிற காலத்தில், மூளைக்கும் கைக்கும் நடுவே சமுதாயம் விட்டு வைத்திருக்கும் இடைவெளியை அடைக்கவே பாடுபட்டார்.

நடுவில் காற்று இருந்தால் எவ்வளவு பலமான ஒலியும் தாண்டாது என்பதை எங்கள் ப்ராஜெக்ட்டில் கற்றோம். படிப்புக்கும் உழைப்புக்கும் நடுவிலும் அதே கதைதான் என்பதை லான்ஜெவின் எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

அடுத்த வருஷம் ப்ராஜெக்ட் செய்யப்போகும் ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு இரண்டே வேண்டுகோள். டிரான்ஸ்டூசர் ஒட்டும்போது குமிழி இல்லாமல் ஒட்டுங்கள். வைவாவுக்குப் போகும் முன் உங்கள் கருவியைச் செய்தவர் யார் என்று நூலகத்தில் ஒரு சாயங்காலம் தேடிப் பாருங்கள். அங்கே உங்களுக்கும் ஒரு வாத்தியார் கிடைப்பார்.